முன்பாரம், பின்பாரம்: சிறுபடகை ட்ரெய்லரில் ஏற்றி நிறுத்தும் முறை

காவிரிப் படுகையில் மாட்டு வண்டி ஓட்டிப் பழகிய குடும்பங்களில் ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ ஆகிய இரண்டு சொற்களுக்கும் விளக்கம் தேவைப்படாது. நெல் மூட்டைகளை அச்சுக்குப் பின்னால் அதிகமாக அடுக்கிவிட்டால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ள, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் அதிகமாக அடுக்கிவிட்டால் நுகத்தடி கழுத்தில் அழுந்திப் புண்ணாக்கும். ஆகவே வண்டிக்காரர் மூட்டை ஏற்றி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒன்றிரண்டு மூட்டைகளை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி வைத்த பிறகுதான் மாட்டைப் பூட்டுவார். சிறுபடகு ஒன்றை இரண்டு சக்கர ட்ரெய்லரில் ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துச் செல்வதற்கும் இதே கணக்குத்தான். ட்ரெய்லரின் முன்னால் நீண்டு காரின் கொக்கியில் மாட்டப்படும் தண்டை நானும் ஏர்க்கால் என்றே குறிப்பிடுகிறேன்; அந்தக் கொக்கியின் மேல் இறங்கும் எடைதான் முன்பாரம்.

இங்கே சொல்லப்படுபவை 12 முதல் 16 அடி வரை நீளமுள்ள பைபர் படகுகளுக்கு உரியவை. கொள்ளிடத்திலும், முத்துப்பேட்டைப் பக்கம் கோரையாற்றிலும், பழையாறு முகத்துவாரத்திலும் தூண்டில் போடவும் பறவை பார்க்கவும் வைத்திருக்கும் படகுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கும். கடற்கரையில் டிராக்டர் வைத்து இழுக்கும் பெரிய மீன்பிடிப் படகுகளின் எடையும் முறையும் வேறு. அவற்றுக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் படகுக்கு ட்ரெய்லர் செய்து வாங்கிய புதிதில், மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைக்குப் போகும் சாலையில் அதை முதன்முறையாக இழுத்துச் சென்றோம். இன்ஜின் பின்பலகையில் தொங்கியது. பெட்ரோல் தொட்டி, நங்கூரம், நனைந்த வலை எல்லாமே எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்னாலேயே கிடந்தன. வேகம் 50 கிலோமீட்டரைத் தொட்டதும் கண்ணாடியில் படகின் முன்முனையான அணியம் இடதும் வலதுமாக அசைவது தெரிந்தது. நான்கைந்து அசைவுகளுக்குள் காரின் பின்புறத்தையே அது இழுத்து ஆட்டத் தொடங்கிவிட்டது. எதிரே ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. அன்று யாருக்கும் காயமில்லை. வீட்டுக்கு வந்து எடை போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கொக்கியின் மேல் இருந்த பாரம் வெறும் 8 கிலோ. ட்ரெய்லரைச் செய்து கொடுத்த பட்டறையில் படகைக் கண்ணால் பார்த்தே அச்சின் இடத்தைத் தீர்மானித்திருந்தார்கள். நானும் எடை போட்டுப் பார்க்காமலே எடுத்துச் சென்றிருந்தேன்.

பின்பாரம் கூடினால் இப்படி ஏன் வாலாட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. எடையின் மையம் அச்சுக்கு முன்னால் இருக்கும்வரை, பள்ளமோ பக்கக் காற்றோ ட்ரெய்லரைச் சற்றே திருப்பினாலும் சக்கரங்கள் அதைத் திரும்ப நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். மையம் அச்சுக்கு மிக அருகிலோ பின்னாலோ போய்விட்டால், ஒவ்வொரு அசைவும் முந்தையதைவிடப் பெரிதாகும். வேகம் கூடக் கூட இது கடுமையாகும். மறுபுறம், முன்பாரம் மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி குறைவதால், திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் தளர்ந்துபோகும். படகு ட்ரெய்லருக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு, ட்ரெய்லரும் படகும் அதிலுள்ள பொருள்களும் சேர்ந்த மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு. நான் 7 விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொள்கிறேன். கார்த் தயாரிப்பாளர் தரும் கையேட்டில் கொக்கி தாங்கும் எடைக்கு ஓர் உச்ச அளவு இருந்தால் அதை எக்காரணத்தாலும் மீறக் கூடாது.

ஆனால் எடையைத் தொடும் முன்பு படகின் அடிப்பாகம் சரியாகத் தாங்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையை மறுபடியும் செய்ய நேரிடும். படகு தண்ணீரில் மிதக்கும்போது அடிப்பாகம் முழுவதும் ஒரே சீராகத் தாங்கப்படுகிறது. ட்ரெய்லரிலோ அதன் எடை முழுவதும் இரண்டு நீளக் கட்டைகளின் மேலும், நடுவில் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவைத் தாங்கும் ஒன்றிரண்டு ரப்பர் உருளைகளின் மேலும் இறங்குகிறது. அந்தக் கட்டைகள் பின்பலகையின் அடிவரை கட்டாயம் நீண்டிருக்க வேண்டும். ஏனென்றால் படகிலேயே மிகக் கனமான பகுதி அதுதான். இன்ஜின் அங்கேதான் தொங்குகிறது. கட்டை ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிட்டால், ஒவ்வொரு வேகத்தடையிலும் இன்ஜினின் எடை அந்த முனையில் படகை மடக்கப் பார்க்கும். சில மாதங்களில் பைபர் அடிப்பாகத்தில் கைக்குத் தட்டுப்படும் ஒரு பள்ளமோ மேடோ உருவாகிவிடும். அதன்பின் படகு தண்ணீரில் நேராக ஓடாது. பின்பலகையின் ஓரம் கட்டையின் முனையோடு ஒட்டி நிற்க வேண்டும், அல்லது கட்டை இரண்டு மூன்று விரற்கடை வெளியே நீண்டிருக்க வேண்டும். இரண்டு கட்டைகளும் படகின் உட்புறம் நீளவாக்கில் ஓடும் சட்டங்களுக்கு நேர் கீழே அமைந்தால் மிக நல்லது. வெறும் தகட்டின் நடுவே அமையக் கூடாது. கட்டையின் மேல் தடித்த விரிப்பை இழுத்து ஒட்டிவிட்டால் படகு வழுக்கி ஏறும். விரிப்பை ஆணியால் அடித்தால், தலை துருப்பிடிக்காத ஆணிகளைக் கட்டையின் பக்கவாட்டில் மட்டுமே அடிக்க வேண்டும்.

உருளைகளின் உயரத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. படகு ஏறி நிற்கும்போது ஒவ்வொரு உருளையையும் கையால் சுழற்றிப் பார்க்கலாம். வெற்றாகச் சுழன்றால் அது எடையைத் தாங்கவில்லை. அசையவே இல்லை என்றால், கட்டைகளின் மேல் இறங்க வேண்டிய பாரத்தையும் சேர்த்து அதுவே சுமக்கிறது. சற்று அழுத்தினால் மெல்ல நகரும் நிலையில் இருப்பதே சரி.

அணியம் எங்கே நிற்க வேண்டும் என்பதை படகைச் சுற்றி இழுக்கும் வின்ச் பொருத்திய முன்தூணும் அதிலுள்ள ரப்பர் தடையும் தீர்மானிக்கின்றன. படகு ஏறியதும் அணியம் அந்த ரப்பரில் முட்டி நிற்க வேண்டும். அணியத்தில் உள்ள வளையம் ரப்பருக்குச் சற்றுக் கீழே அமைந்தால், வின்ச் பட்டை படகை முன்னோக்கி இழுப்பதோடு கீழ்நோக்கியும் அழுத்திப் பிடிக்கும்.

அடுத்து எடை. மொத்த எடைக்கு, அரிசி ஆலைகளுக்கு அருகிலுள்ள எடைமேடையில் ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றித் தனியே நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். முன்பாரத்தை அந்த மேடையில் அளக்கக் கூடாது. லாரி எடை போடும் மேடையின் அளவு 5 கிலோ, 10 கிலோ என்று தாவித் தாவித்தான் நகரும், நமக்கோ 3 கிலோவின் வேறுபாடும் வேண்டும். அதற்குத் தானியக் கடையில் இருக்கும் மேடைத் தராசு பொருத்தமானது. வீட்டில் ஆளின் எடை பார்க்கும் கருவியும் போதும்.

அளக்கும் முறை இது. படகில் பயணத்தின்போது எவை இருக்குமோ அவை எல்லாவற்றையும், பெட்ரோல் உட்பட, அவற்றுக்குரிய இடங்களில் வைக்க வேண்டும். ட்ரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் செங்கல் அல்லது கட்டை கொடுக்க வேண்டும். காரின் கொக்கி தரையிலிருந்து எத்தனை அங்குலம் உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் ஏர்க்காலின் முனை நிற்கும்படி, தராசின் மேல் ஒரு பலகையும் அதன் மேல் தேவையான அளவுக்கு வெட்டிய மரத்துண்டும் வைத்து, முனையை அதன் மேல் மெல்ல இறக்க வேண்டும். உயரம் மாறினால் எடையும் மாறும். முனை தாழ்ந்தால் படகின் எடை முன்னோக்கிச் சாய்ந்து பொய்யான கூடுதல் எடையைக் காட்டும். காட்டும் எடையிலிருந்து பலகை, மரத்துண்டு ஆகியவற்றின் எடையைக் கழித்தால் கிடைப்பது முன்பாரம்.

எங்கள் படகின் கணக்கையே இங்கே தருகிறேன். வெறும் படகு 200 கிலோ, இன்ஜின் 45 கிலோ, நிரம்பிய பெட்ரோல் தொட்டி 22 கிலோ, நங்கூரம், கயிறு, துடுப்பு, வலை எல்லாம் சேர்ந்து 28 கிலோ, ட்ரெய்லர் 180 கிலோ. ஆக மொத்தம் 475 கிலோ. இதில் 5 விழுக்காடு ஏறத்தாழ 24 கிலோ, 10 விழுக்காடு ஏறத்தாழ 48 கிலோ. தராசு காட்டியதோ 8 கிலோ.

சரிசெய்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. அவற்றில் பொருள்களை இடம் மாற்றுவதே முதலில் செய்ய வேண்டியது. அதற்குச் செலவும் இல்லை, அதன் பலன் பலரும் நினைப்பதைவிடப் பெரியது. எங்கள் ட்ரெய்லரில் அச்சிலிருந்து கொக்கி வரை 3 மீட்டர். பெட்ரோல் தொட்டி அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தது. அதை அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் வைத்தோம். நகர்த்திய தொலைவு இரண்டரை மீட்டர். எடையை அந்தத் தொலைவால் பெருக்கி 3 மீட்டரால் வகுத்தால் 18 கிலோ வருகிறது. ஒரே ஒரு தொட்டியை முன்னால் தூக்கி வைத்ததில் முன்பாரம் 8 கிலோவிலிருந்து 26 கிலோவாக உயர்ந்தது. தராசின் எண்கள் ஏறுவதை அருகில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் பெரியப்பா, வண்டியில் ஒரு மூட்டையை முன்னால் தள்ளினாலும் இதேதான் நடக்கும் என்றார். இப்படி இடம் மாற்றிய தொட்டி உருளாமலும் நகராமலும் கட்டப்பட வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்ரோல் வாடை தங்காதபடி காற்றோட்டமான இடத்திலும் அது இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, முன்தூணின் போல்ட்டைத் தளர்த்தி அதை முன்னோக்கி நகர்த்தி, படகையும் அவ்வளவே முன்னால் கொண்டுவருவது. பொருள்களோடு சேர்ந்த எங்கள் படகின் எடை 295 கிலோ. அதை 10 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் முன்பாரம் ஏறத்தாழ 10 கிலோ கூடுகிறது. 26 என்பது 36 ஆனது. மொத்த எடையில் அது ஏழரை விழுக்காடு. அதோடு நிறுத்திக்கொண்டோம். முன்பாரம் மிகுந்திருப்பவர்கள் இதையே எதிர்த்திசையில் செய்யும்போது, பின்பலகை கட்டையின் முனையைத் தாண்டி வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டும் நிலை வந்தால் அந்த வழியைக் கைவிட்டு, மூன்றாவது வழியான அச்சை நகர்த்துவதற்குப் போவதே முறை.

அச்சைப் பின்னுக்கு நகர்த்தினால் முன்பாரம் கூடும், முன்னுக்கு நகர்த்தினால் குறையும். எங்களுடையதைப் போன்ற ட்ரெய்லரில் 10 சென்டிமீட்டருக்கு 13 முதல் 15 கிலோ வரை மாறும். வில்பட்டைகளைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் தாங்கிகள் போல்ட்டில் நிற்பவையாக இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பற்றவைத்தவையாக இருந்தால் நல்ல வெல்டரிடம்தான் போக வேண்டும். நகர்த்திய பின் ஏர்க்காலின் முனையிலிருந்து இடது சக்கரத்தின் மையத்துக்கும் வலது சக்கரத்தின் மையத்துக்கும் டேப் பிடித்து அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ட்ரெய்லர் சாலையில் நண்டுபோல ஒருக்களித்தே வரும். டயர்களும் விரைவில் தேய்ந்துவிடும்.

முன்பின் எடையைப் பார்க்கும் பலரும் இடவல எடையை விட்டுவிடுகிறார்கள். ஏர்க்காலின் முனையில் ஒரு நூலைக் கட்டி, ட்ரெய்லரின் நடுக்கோட்டில் பின்வரை இழுத்துப் பிடித்து, பின்பலகையின் நடுப்புள்ளியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், குண்டு நூலின் மேல் வந்து நிற்க வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் கவனிக்க வேண்டும். பிறகு இரு பக்கத்து டயர்களிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, வில்பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை இருபுறமும் அளக்க வேண்டும். ஒருபுறம் குறைவாக இருந்தால் அந்தப் பக்கம் பாரம் கூடுதல். பேட்டரியும் நங்கூரமும் ஒரே பக்கத்தில் கிடப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். நம் ஊர்களில் ஆற்றங்கரையின் மேல் ஓடும் சாலைகள் பல இடங்களில் ஒருபுறம் சரிந்திருக்கும். எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். பாரம் ஒருபுறம் கூடிய படகு அந்த இடத்தில்தான் குடை சாயும்.

இத்தனையும் சரியாக அமைந்த பின், முன்தூண் நிற்கும் இடத்திலும், கட்டையில் பின்பலகை முடியும் இடத்திலும், படகினுள் தொட்டியும் நங்கூரமும் இருக்க வேண்டிய இடங்களிலும் பெயிண்டால் குறி போட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு, சேற்றுக் காலோடு, கொசுக்கடியில் படகை ஏற்றும்போது அந்த வெள்ளைக் குறிகளைவிடப் பெரிய துணை இல்லை.

கட்டுவதில் வின்ச் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. அணிய வளையத்திலிருந்து முன்தூணுக்குத் தனியே ஒரு சங்கிலி, பின்பலகையின் இரு வளையங்களிலிருந்து ட்ரெய்லரின் சட்டத்துக்கு இரண்டு ராட்செட் பெல்ட்டுகள், இவை குறைந்த அளவு. நைலான் கயிறு நனைந்தால் நீளும். அதனால் கட்டியிருந்தால் வழியில் இரண்டு மூன்று முறை நிறுத்தி இறுக்க வேண்டிவரும். இன்ஜினைத் தூக்கி வைத்துக் கொண்டுபோவதாக இருந்தால், அதற்குக் கீழே ட்ரெய்லரிலிருந்து ஒரு முட்டுக் கொடுத்தால்தான் பின்பலகை அதிர்விலிருந்து தப்பும். நீண்ட தண்டுள்ள லாங் டெயில் இன்ஜின்களைக் கழற்றிக் காரினுள் வைப்பதே நல்லது. ஆனால் முன்பாரத்தை அளக்கும்போதும் அது படகில் இருக்கக் கூடாது.

தண்ணீரிலிருந்து படகை ஏற்றும்போது செய்யும் ஒரு தவறு, மேலே சொன்ன அளவுகளையெல்லாம் வீணாக்கிவிடும். ட்ரெய்லரை மிக ஆழமாக இறக்கினால் படகின் பின்புறம் கட்டைகளின் மேல் உட்காராமல் மிதந்துகொண்டே, நீரோட்டம் தள்ளும் பக்கம் விலகிவிடும். அதைக் கவனிக்காமல் கரையேற்றினால் படகு கோணலாக அமரும். கட்டைகளில் மூன்றில் இரண்டு பங்கு நனையும் ஆழமே பொதுவாகப் போதும். முதலில் கட்டைகளை முழுவதும் நனைத்துவிட்டு, பிறகு அந்த ஆழத்துக்கு ட்ரெய்லரை முன்னால் எடுத்துக்கொண்டால் படகு எளிதாக வழுக்கி ஏறும். ட்ரெய்லரின் இருபுறமும் நெஞ்சளவு உயரத்துக்குச் சவுக்குக் கழிகளைப் பி.வி.சி. குழாய்க்குள் செருகி நட்டுவைத்தால், படகு அவற்றின் நடுவே தானாக வந்து நிற்கும். கோரையாறு போன்ற கடல் ஏற்ற இறக்கம் பாயும் ஆறுகளில், தண்ணீர் ஏறி முடிந்து இறங்கத் தொடங்குவதற்கு முன்பு ஓட்டமற்று நிற்கும் சிறிது நேரம் இதற்கு மிக ஏற்றது. கொள்ளிடத்தில் நீர் திறந்துவிடப்பட்டிருக்கும் நாள்களில் இந்த வேலையை அறவே தவிர்க்க வேண்டும். படகு ஏறிய பிறகு ட்ரெய்லருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சரிவிலிருந்து சமதளத்துக்கு வந்ததும் அணியத்துக்கும் ரப்பர் தடைக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்திருக்கும். அதை வின்ச் சுற்றி மூட வேண்டும். அந்த இடைவெளி நான்கு விரற்கடை இருந்தால்கூட, முன்பாரத்தில் 7 கிலோ குறைந்திருக்கிறது என்று பொருள்.

படகினுள் தேங்கிய தண்ணீர் கணக்கில் வராத பாரம். ஒரு சதுர மீட்டர் தளத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 100 லிட்டர், அதாவது 100 கிலோ; அதுவும் ஓரிடத்தில் நிற்காமல், கார் கிளம்பும்போது பின்னாலும் பிரேக் பிடிக்கும்போது முன்னாலும் ஓடும். ஆகவே கரையேறியதும் வடிகால் அடைப்பைக் கழற்றி முழுவதும் வடித்துவிட்டே புறப்பட வேண்டும்.

சாலையில் முதல் ஐந்து கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, பெல்ட்டுகளை இறுக்கி, சக்கர மையங்களைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங்கில் கோளாறு. டெல்டாச் சாலைகளுக்கு 40 கிலோமீட்டர் வேகமே பொருத்தம் என்பது என் கருத்து. மதகுகளின் மேல் ஏறி இறங்கும்போது இன்னும் குறைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையில் காயவைத்திருக்கும் நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். பின்னால் ட்ரெய்லர் இருக்கையில் அது மடங்கிக் காரின் பக்கவாட்டில் மோதும் வாய்ப்பு உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கினால், பிரேக்கை அழுத்தாமல், வேகத்தைக் கூட்டாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானாகத் தணிய விட வேண்டும். நின்ற பிறகு பாரத்தை முன்னுக்கு மாற்றாமல் மீண்டும் கிளம்பக் கூடாது.

வடகிழக்குப் பருவமழையில் படகு மாதக்கணக்கில் ட்ரெய்லர் மேலேயே கிடக்கும். அப்போது அச்சுக்கு இருபுறமும் சட்டத்தின் கீழ் கட்டை கொடுத்து டயர்களின் சுமையைக் குறைத்து, ஏர்க்காலை ஜாக்கியால் உயர்த்தி, வடிகால் அடைப்பைக் கழற்றிவிட்டால் மழைநீர் பின்புறமாக ஓடிவிடும். அணியம் உயர்ந்து நிற்கையில் எடை பின்னால் சாயும் என்பதால், சட்டத்தின் பின்முனைக்கும் ஒரு முட்டு அவசியம். அது இல்லாமல், படகைக் கழுவ ஒருவர் பின்பக்கம் ஏறினாலே ஏர்க்கால் மேலே தூக்கிவிடும்.